சோர்ஸ் கோடு தரிசனம்

"சோர்ஸ் கோடைத் திறந்து விட்டுடுங்க சார். தப்பு எங்க இருக்குன்னு பார்த்து நாங்களே சரி பண்ணிக்கறோம்" என்றாள் கவியா.

தருமன் கண்களை மூடிக்கொண்டார். 'அருணை ஸ்டுடியோ' என்ற புரோகிராம் எழுதும் கருவியைத் தனி ஆளாக உருவாக்கியவர்; அதன் மூல நிரலான சோர்ஸ் கோடை யார் கண்ணிலும் காட்டாதவர். தேரடி வீதியில் அவர் ஆபீஸ் வாசலில் இருக்கும் அவருடைய படம் அவரைவிடப் பெரியது.

"கருவறைக்குள்ள எல்லாரையும் விடுவாங்களாம்மா? வெளிய நின்னுதான் கும்பிடணும்."

"ஆறு மாசமா மெயில்ல கும்பிட்டுட்டுதான் சார் இருக்கேன். உங்க கருவியில பதினோரு லாட்ஜுக்கு நான் எழுதின புக்கிங் புரோகிராம் ஒரே ரூமை ரெண்டு பேருக்குக் குடுக்குது. போன பௌர்ணமிக்கு, புதுசா கல்யாணம் ஆனவங்க ரூமுக்குள்ள ஒரு பஜனை கோஷ்டி ஆர்மோனியத்தோட போயிடுச்சு. தீபத்துக்கு இன்னும் ஒம்பது நாள்தான் இருக்கு. பதினோரு லாட்ஜ்காரங்களும் என்னைத்தான் கட்டி வச்சு உதைப்பாங்க."

"திறந்து விட்டா எவனாவது காப்பியடிச்சுத் தன் பேரைப் போட்டுக்குவான்."

"எல்லாப் பக்கத்துலயும் உங்க பேரைப் போட்டுடறோம்."

"வெறும் பேரா?"

"'கணினிச் சித்தர்'னு பட்டத்தோட."

"போட்டோ?"

"மாலையோடவே போடறோம் சார்."

"மாலை வேணாம்மா" என்றார் அவசரமாக.

நெற்றியைத் துடைத்ததில் விபூதி பாதி போய்விட்டது.

"சரி, இரு. உள்ள போயி எடுத்துட்டு வரேன்."

ஆபீசுக்குப் பின்னாலேயே வீடு. மனைவி வேதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாவங்க அந்தப் பொண்ணு. ரொம்பத்தான் அலைய விடறீங்க. குடுத்துட்டா இன்னா கொறைஞ்சா பூடுவீங்க?"

"மெதுவாப் பேசுடி" என்று கதவைச் சாத்தினார் தருமன். "எவனும் திருடிடக் கூடாதுன்னு கம்ப்யூட்டர்ல இருந்ததையெல்லாம் அழிச்சுட்டு, ஒரே ஒரு பென்டிரைவ்ல போட்டு வச்சேன். அதையும் வாழைப்பழப் பைக்கு அடியில ஒளிச்சு எடுத்துக்கினுதான் போன வருஷம் கிரிவலம் போனேன்."

"அதுக்கு?"

"பையோட ஒரு குரங்கு புடுங்கிக்கினு மலை ஏறிடுச்சு. கோடைத் திறந்து விடலாமா வேணாமான்னு இனிமே அதைத்தான் கேக்கணும்!"