படுத்தால் வளையும் போல்ட்

லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்தால் மட்டும் மெக்கானிக் நவமணிக்குப் போல்ட்டுகள் கோணலாகத் தெரிந்தன. எழுந்த சற்று நேரத்தில் சரியாகிவிடும். நாமக்கல் கண் நிலையத்தின் ஸ்கேனர் இரண்டு முறை "நோயில்லை" என்றது. அது சொல்லாமல் எந்த டாக்டரும் பார்க்க மாட்டார். இன்று மூன்றாம் முறை. இதுவும் அப்படியே வந்தால், பொய்ப் புகார் என்று ஓராண்டு நிலையத்துக்குள்ளேயே விடமாட்டார்கள்.

"உக்காந்து தாடையை வைங்கக்கா" என்றான் ஸ்கேனரை இயக்கும் மாதேஸ்வரன்.

"உக்காந்தா எனக்கு ஒண்ணுமில்லீங்க தம்பி. படுத்தாத்தான்."

"இது உக்காந்தவங்களத்தான் பாக்கும்."

"லாரி என்னை உக்காந்துக்கிட்டா பாக்கச் சொல்லுது?"

அவள் தன் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, ஸ்கேனரை மேசையோடு பிடித்திருந்த நான்கு போல்ட்டுகளையும் கழற்றினாள். அதை மாதேஸ்வரன் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தாள்.

"இங்கென்ன லாரிக்கு வாட்டர் சர்வீஸா நடக்குது?" என்று வரிசையில் நின்ற பெரியவர் சிரித்தார்.

"ஆமாங்ண்ணா. அடுத்து உங்களுக்குத்தான்."

கால் மணி நேரம் அசையாமல் கிடந்தாள். பிறகு ஸ்கேனரை முகத்துக்கு மேல் பிடிக்கச் சொன்னாள்.

"தவறான நிலை. நிமிர்ந்து உட்காரவும்" என்றது ஸ்கேனர். அவள் எழவில்லை. மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு, நான்காம் முறை, "விழித்திரையின் நடுப்பகுதிக்கு அடியில் நீர். உடனே மருத்துவரைப் பார்க்கவும்" என்றது.

ஸ்கேனரைத் திரும்ப மேசையில் மாட்ட, மாதேஸ்வரன் அவசரமாகப் போல்ட்டுகளைப் பொறுக்கினான்.

"அம்மணி, எனக்குக் குனிஞ்சாத்தான் மங்குது" என்றார் பெரியவர்.

நவமணி எழுந்து, அவன் கையிலிருந்த போல்ட்டுகளை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"அப்ப குனிஞ்சே நில்லுங்க."