மூடி வைத்த ஆட்டம்

"மூச்சு விடுங்க சார், கழுத்தளவுதான் எடுக்கிறேன்" என்றார் தையல்காரர்.

மாப்பிள்ளைக்கு மூச்சு எங்கே வந்தது? கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்த இடத்தில், மாமனார் எதிரே உட்கார்ந்து சிரிக்கச் சிரிக்க அவன் தலையைக் குனிந்துகொண்டான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மாவா?

"செஸ்ல என்னை ஜெயிக்கிறவனுக்குத்தான் என் பொண்ணு" என்று வீம்பு பிடித்த மனுஷர். பெண் கேட்டு வந்த அத்தனை பேரையும் மண்ணைக் கவ்வ வைத்தவர். ஆட்டம் மகளின் லேப்டாப்பில், அவளே எழுதிய புரோகிராமில். ஆளுக்கு இவ்வளவு என்று நேரம் உண்டு; தீர்ந்தால் தோல்வி. நடுவில் பிரஷர் மாத்திரை போட எழுந்தால்கூட, தூசி படக் கூடாதென்று லேப்டாப்பை மூடிவிட்டுப் போகிற ஒழுங்கு அவருக்கு.

இனித் தாங்காது என்று மாப்பிள்ளை வாயைத் திறந்தான். "மாமா, அன்னைக்கு நான் ஏமாத்தித்தான் ஜெயிச்சேன்."

மாமனாரின் சிரிப்பு நின்றது.

"ஆட்டத்துல வசமா மாட்டிக்கிட்டேன். போன் வந்திருக்குன்னு சொல்லி, லேப்டாப்பை மூடிட்டு வெளியே போனேன். மூடினா மெஷின் தூங்கிடும், ஆட்டத்துல ஓடுற கடிகாரமும் நின்னுடும். உங்க பொண்ணுக்கும் எனக்கும் ஆபீஸ்ல புரோகிராம் எழுதுறதுதானே வேலை, எனக்குத் தெரியாதா? நிதானமா யோசிச்சுட்டு வந்து... சோறு எறங்கல மாமா. கல்யாணத்தை நிறுத்தினாலும் சரி."

தையல்காரர் நாடாவோடு அப்படியே நின்றார்.

"திரும்பி வந்து திறந்தீங்களே, உங்க நேரம் எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டார் மாமனார்.

"ரொம்பக் கம்மியாத்தான் தெரிஞ்சுது. பயத்துல அப்படித் தோணுதுன்னு நெனச்சு, அடிச்சுப் பிடிச்சு ஆடினேன்."

"தோணல. நெசமாவே போயிருந்துச்சு. எவ்வளவு நேரம் தூங்கினோம்னு முழிச்சதும் மெஷினே பாத்துக் கழிச்சுக்கிற மாதிரி, நீங்க வர்றதுக்கு முதல் நாளே மாத்திட்டா என் பொண்ணு. நீங்க நியாயமாத்தான் ஜெயிச்சீங்க."

மாப்பிள்ளையின் நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது. பிறகுதான் உறைத்தது. "அவ எனக்கே சொல்லலியே! உங்களுக்குச் சொன்னாளா?"

"எங்க சொன்னா? அன்னைக்கு நானும் மூடிட்டுப் போய்த் திரும்பி வந்தா, என் நேரம் காணாம போயிருந்துச்சு. அப்புறம் கேட்டப்பத்தான் சொன்னா."

"நீங்க பிரஷர் மாத்திரை போடத்தானே மாமா போனீங்க?"

மாமனார் தையல்காரரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையின் காதருகே குனிந்தார்.

"எனக்கு ஏது மாப்பிள்ளை பிரஷர்?"