கைசருக்கு என்ன குறை?

இந்தக் குளிர்காலமும் கைசருக்குப் பிளோறன்ஸ் ஒருத்திதான் சரிவந்தாள். மற்ற இரண்டு பேரும் அவனை ஏறெடுத்துப் பார்க்கவில்லை என்று ஜேசுரட்ணம் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கைசர் அவர் பிள்ளையல்ல, பாம்பு. கையில் எடுத்தால் பந்தாகச் சுருண்டு கிடக்கிற சாதுவான மலைப்பாம்பு. ஜேர்மனியில் மார்க் காசு போய் யூரோ வந்த வருடம் குட்டியாக வாங்கி, டுசல்டோர்ஃப் வீட்டில் ஒரு அறையையே ஒதுக்கி, சூடு குறையாமல் பார்த்து வளர்த்தார்.

ஒரு ஆண், மூன்று பெண்; பெண்களில் முதல் வந்தவள் பிளோறன்ஸ். ஆணைப் பெட்டிக்குப் பெட்டி மாற்றி விட்டால் மூன்றும் முட்டை போட வேண்டும். தெரிந்தவர்கள் அத்தனை பேரிடமும் போடும் என்று வாய் விட்டுவிட்டார் மனுசன். இப்போது யார் போன் அடித்தாலும் எடுக்க வெட்கமாக இருந்தது.

அவருக்கு ரொட்டி சுடும் பாண் தொழிற்சாலையில் இரவு வேலை. போகும்போது கைசரைப் புதிய பெண்கள் இருவரில் ஒருத்தியின் பெட்டியில் விட்டுவிட்டுப் போவார். விடிய வந்து பார்த்தால் இரண்டும் சண்டை பிடித்த புருசன் பெண்சாதி மாதிரி ஆளுக்கொரு மூலையில் கிடக்கும்.

மனைவி ஜெயமலரிடம் சொல்லி அழவும் வழியில்லை. பாம்பறையைத் தாண்டும்போதே சிலுவை போட்டுக்கொள்கிறவள் அவள். ஒருநாள் கேக் தட்டுத் தூக்கும் கையுறை பெட்டிக்கு மேல் கிடக்கக் கண்டு விசாரித்ததற்கு, அந்தப் பக்கம் போக எனக்கென்ன விசரோ என்று கேட்டுவிட்டாள்.

மிருக வைத்தியர் கைசரை உருட்டிப் புரட்டிப் பார்த்து, ஒரு குறையுமில்லை என்று சொல்லி அனுப்பினார். அதைக் கேட்டு ஜேசுரட்ணத்துக்கு இன்னும் கவலை கூடிப்போயிற்று.

கடைசியில் கூட்டாளி இளங்கீரன் வந்தான். அவனும் பாம்பு வளர்க்கிறவன். கைசரைப் பாம்புச் சந்தைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, வேறொரு ஆணை மாற்றிக்கொண்டு வருவதாக ஏற்பாடு.

“இவன் ஒருத்தியோட நிண்டிட்டான் அண்ணை. இனி இவனை நம்ப ஏலாது.”

துணிப்பைக்குள் கைசரை இறக்கும்போது ஜேசுரட்ணத்துக்குப் பெற்ற பிள்ளையைத் தாரைவார்ப்பதுபோல் இருந்தது. இளங்கீரன் பையை வாங்கிக்கொண்டு திரும்பினால், வாசலை மறித்துக்கொண்டு ஜெயமலர் நிற்கிறாள்.

“அவனைக் கொண்டுபோகாதேங்கோ. அவனில ஒரு பிழையுமில்லை.”

“பாம்பெண்டாலே ஓடுற உமக்கு என்ன தெரியும்?” என்றார் ஜேசுரட்ணம்.

அவள் நிலத்தைப் பார்த்தாள். பிறகு துணிந்து நிமிர்ந்தாள்.

“நீங்கள் வேலைக்குப் போன கையோட, கேக் கையுறையைப் போட்டு அவனைத் தூக்கிப் பிளோறன்ஸிட்ட விட்டிட்டு, நீங்கள் வாறதுக்கு முதல் திருப்பிக் கொண்டந்து வைக்கிறது நான்தான்.”

இளங்கீரன் பையை மெல்லக் கீழே வைத்தான். ஜேசுரட்ணத்துக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்றே தெரியவில்லை. ஏனப்பா இப்படிச் செய்தீர் என்று மட்டும் கேட்டார்.

“பெண்சாதி பக்கத்தில இருக்க, அவனை ஊர்மேய விடச் சொல்லுறியளோ?”