இமயனின் முதுகு

மேஜையில் இரண்டு புகைப்படங்கள் கிடந்தன.

காலையிலிருந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உயரமானவன் தேவமித்ரன். நடுத்தர உயரமும் ஒல்லியுமாக இருப்பவன் இளநம்பி. இருவரில் ஒருவன்தான் இனி உளவாளி இமயன்.

பழைய நாயகன் இனிமேல் நடிப்பதில்லை என்று சொல்லிவிட்டார். மூன்று படம் ஓடிய பாத்திரம். யாரும் விடுவதாக இல்லை.

"இமயன் உள்ள வந்தா கதவு சின்னதாத் தெரியணும்யா," என்றார் தயாரிப்பாளர் ராஜமாணிக்கம்.

"அவன் உள்ள வந்ததே யாருக்கும் தெரியக் கூடாது சார். உளவாளி இல்லையா?" என்றார் இயக்குநர் தாமஸ்.

பிரியாணி வந்தது. பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டே இதையே வேறு சொற்களில் சொன்னார்கள்.

அறையில் மூன்றாவதாக இருந்தவர் ஓரத்து நாற்காலியில், வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

மூன்று படத்திலும் இமயனுக்கு டூப் போட்டவர். மாடியிலிருந்து குதித்தது, லாரிக்கு அடியில் உருண்டது, கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்ந்தது எல்லாம் அவர். முகம் நாயகனுடையது. முதுகு இவருடையது.

தோளுக்குள் ஒரு தகடு இருக்கிறது. மழை நாளில் அது மட்டும் தனியாகக் குளிரும்.

இளநம்பி என்றால் இவருக்கு உள்ள அதே உயரம், அதே தோள். நாலாவது படத்துக்கும் இவர்தான் குதிக்க வேண்டும். தேவமித்ரன் என்றால் வேறு ஆள் தேடுவார்கள்.

இனி என்னால் முடியாது என்று சொல்லத்தான் வந்தார். மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். மாடி ஏறும்போதுகூட அந்த வார்த்தை நாக்கில் இருந்தது.

உள்ளே நுழைந்ததும் தாமஸ் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "அண்ணன் வந்தாச்சு. இனி எனக்குக் கவலையில்ல."

அதன் பிறகு எப்படிச் சொல்வது?

தாமஸ் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார். இளநம்பி நடித்துக் காட்டிய வீடியோத் துண்டு.

நீளமான அறை. அவன் முதுகைக் காட்டி நடந்து போகிறான். கதவருகே நின்று திரும்புகிறான்.

அவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

இடது தோள் முதலில் திரும்புகிறது. வலது கால் சற்றுத் தாமதித்து, பிறகு வருகிறது.

அது நாயகனின் நடை அல்ல. இரண்டாவது படத்தில் கணுக்கால் உடைந்து, கட்டுக்கு மேலேயே பூட்ஸை மாட்டிக்கொண்டு அவர் நடந்த நடை. வலி வெளியே தெரியவில்லை என்றுதான் அன்று நினைத்தார்.

ஏதோ ஒரு ஊர்த் தியேட்டரில் ஒரு பையன் அதைப் பார்த்திருக்கிறான். அழகு என்று நினைத்திருக்கிறான். வீட்டில் நடந்து நடந்து பழகியிருக்கிறான்.



"நீங்க சொல்லுங்கண்ணே," என்றார் தாமஸ். "இமயன நீங்கதான் உள்ளேருந்து பாத்தவரு. ரெண்டு பேர்ல யாரு?"

ராஜமாணிக்கமும் சாப்பிடுவதை நிறுத்தினார்.

இளநம்பிதான். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

மேஜைக்கடியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"உயரம் வேணும் தம்பி."

"நான் என்ன சொன்னேன்!" ராஜமாணிக்கம் மேஜையைத் தட்டினார்.

 தாமஸ் இளநம்பியின் படத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

கீழ்வாசல் வரை கூடவே வந்தார். இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க வேலை போயிரும்னு தெரிஞ்சும் படத்துக்கு எது நல்லதோ அதச் சொன்னீங்க. யாருக்குண்ணே இந்த மனசு வரும்?"

அவர் கையை உருவிக்கொள்ளவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நிழலே இல்லை. மனைவி போனில் அழைத்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"அவங்களே வேற ஆள் பாத்துக்கறாங்களாம்."

அப்பாடா என்பாள் என்று காத்திருந்தார்.

"அதெப்படி?" என்றாள். "ஒடம்பெல்லாம் ஒடச்சுக்கிட்டது நீங்க. ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்களா?" அழுகிறாள் என்று குரலில் தெரிந்தது.

"விடு."

"இமயனா யாரப் போடுறாங்க?"

"ஒசரமா ஒரு பையன்."

மூக்கை உறிஞ்சினாள். "நல்லாப் பண்ணுவானா?"

சாலை முனையில் பெரிதாக ஏதோ திரும்பியது.

"பஸ் வந்துருச்சு," என்று சொல்லி வைத்துவிட்டார்.

தண்ணீர் லாரி. வழியெல்லாம் சிந்திக்கொண்டு மெதுவாக அவரைக் கடந்து போனது.