நிலவைச் சுற்றும் மூன்று பேர்

பீளமேட்டு வீட்டின் நடுப்பகல் வெளிச்சம் சன்னல் வழியே மேசைமேல் விழுகிறது. போன வாரம் வேலை போனதைச் சத்தியசீலன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இஸ்திரி போட்ட சட்டையுடன் உட்கார்ந்து கணினியில் விண்கல விளையாட்டு ஆடுகிறான். நிலவைச் சுற்றும் கலத்தின் எஞ்சினை எந்த இடத்தில் முடுக்கினால் பூமிக்குத் திரும்பும் என்று தேடுகிறான். எங்கே முடுக்கிப் பார்த்தாலும் கலத்தின் பாதையைக் காட்டும் புள்ளிக்கோடு பூமியைத் தொடாமலே விலகிப் போகிறது. எரிபொருள் போதவில்லை. அம்மா அற்புதம் காபியை ஓசைப்படாமல் வைக்கிறாள். "ஆபீஸ் வேலையா கண்ணு?" "ஆமாங்கம்மா." "அந்த ராக்கெட்டுக்குள்ள ஆளுக இருக்கறாங்களா?" "மூணு பேருங்கம்மா." "பத்திரமா ஊடு வந்து சேந்துருவாங்களா?" அவன் எஞ்சினை இன்னொரு இடத்தில் முடுக்கிப் பார்க்கிறான். அற்புதம் திரையை நோக்கிச் சிலுவை வரைந்துவிட்டு, மகன் வேலை கெடக்கூடாதென்று கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போகிறாள்.