சென்சார் இல்லாத படம்

"அம்மா காலு இப்ப எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டார் ஸ்ரீதர்.

இசக்கியப்பனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. லீவு கேட்டபோது அம்மா வழுக்கி விழுந்துவிட்டதாக அளந்துவிட்டது பிறகுதான் ஞாபகம் வந்தது.

"தேவல சார். மெல்ல நடக்காவ. உங்களுக்குக் காய்ச்சல் விட்டுட்டா சார்? நீங்களும் அந்த வாரம் வரலன்னு சொன்னாவ."

"அத வுடு. உக்காரு."

ஸ்ரீதர், ஒரகடத்தில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையின் எச்.ஆர். அதிகாரி. படப்பைக்காரர். அவர் அறைக்கு யாரையும் நல்லதுக்குக் கூப்பிட்டதாகச் சரித்திரம் இல்லை. இசக்கியப்பன் பிரஸ் ஷாப்பில் டிரெய்னி. இந்த மாதம் பெர்மனென்ட் ஆக வேண்டியவன். அதற்கான தாள் ஸ்ரீதரின் மேஜைமேல் கையெழுத்தில்லாமல் கிடந்தது. அவர் போடாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு நாங்குநேரிக்கே பஸ் ஏற வேண்டியதுதான்.

"விழுந்தது உங்க அம்மா. நீ இன்னாத்துக்கு மெட்ராஸ்ல தியேட்டர் வாசல்ல, கழுத்துல பாஸ் மாட்டிகினு கியூவுல நின்னே?"

இசக்கியப்பன் தன்னோடு அறையில் தங்கியிருக்கும் மகாராஜாவிடம் மட்டும்தான் சொல்லிவிட்டுப் போனான். படுபாவி, போட்டுக் கொடுத்துவிட்டானா?

"யார் சார் சொன்னா?"

"பாத்தவங்க சொன்னாங்க. உள்ள உக்காந்து கடலைமிட்டாய் கடிச்சியாமே. அந்தச் சத்தத்துல முன்னாடி இருந்தவங்களுக்குப் படமே கேக்கலையாம்."

மகாராஜா அந்தத் தியேட்டர் பக்கமே வந்தவனில்லை. கடலைமிட்டாய் விஷயம் அவனுக்கு எப்படித் தெரியும் என்று இசக்கியப்பன் குழம்பினான்.

"திரைப்பட விழா சார். வெளிநாட்டுப் படமெல்லாம் போடுவாவ."

ஸ்ரீதர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அங்க சென்சார் கிடையாதாமே. அதுக்குத்தானே போனே?"

"மொத வருசம் அதுக்குத்தான் சார் போனேன். இனிமே பொய் சொல்லி என்ன ஆகப்போவுது? ஆனா உள்ள போனா, ஒரு வயசான ஆளு ஒத்தையில கஞ்சி குடிச்சிட்டிருக்கான். ரொம்ப நேரம் அதேதான். என்னடா இதுன்னு எந்திரிக்கப் போனேன். அப்பதான் பாத்தேன், எதிர்த்தாப்புல இன்னொரு தட்டு வச்சிருக்கான். அவன் பொண்டாட்டி செத்துப்போனத யாருமே வாயத் தெறந்து சொல்லல சார். எந்திரிக்கப் போனவன் படம் முடியுற வரைக்கும் உக்காந்துட்டேன். அதுலயிருந்து வருசாவருசம் போயிருதேன்."

ஸ்ரீதரின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நல்லாத்தான் கதை வுடுறே. விழானு சொல்லிகினு எங்கயாவது யூனியன் மீட்டிங்குக்குப் போயிருந்தா எனக்கு எப்படித் தெரியும்? இந்த வருஷம் பாத்த படம் ஒண்ணு சொல்லு."

இசக்கியப்பன் ஆரம்பித்தான். "ஒரு பேக்டரி சார். அதுல ஒரு அதிகாரி."

"இன்னா அதிகாரி?"

"உங்கள மாதிரின்னு வச்சுக்கிடுங்க. தப்பா நெனைக்காதிய. ஒரு நா காலையில மெஷின் லைனுக்கு நடுவுல வந்து நிக்கான். மொதல்ல ஐ.டி. கார்டைக் கழட்டுதான். அப்புறம் சட்டை, பேன்ட், எல்லாத்தையும். ஒட்டுத்துணி இல்லாம வாசல் கேட்டப் பாத்து நடக்கான். அவன் பின்னாலயே ஒரு ஆடு போவுது."

"அதிகாரி துணிய அவுக்குறான். நீங்க பாத்துகினு கைதட்டுனீங்களா?"

"நானா தட்டல சார். அவன் ஐ.டி. கார்டைக் கழட்டும்போது எனக்கு முன்வரிசையில ஒரு ஆளு எந்திரிச்சு நின்னு தட்டுனாரு. அவரைப் பாத்துதான் எல்லாரும் தட்டுனோம்."

ஸ்ரீதர் பேனாவைக் கீழே வைத்தார். "யாரு அது?"

"இருட்டு சார். தலை மட்டுந்தான் தெரிஞ்சுது."

"நம்ம கம்பெனி ஆளுங்க யாராவது வந்திருந்தாங்களா?"

"நான் பாக்கல சார்."

"நல்லா யோசிச்சு சொல்லு. யாரையுமே பாக்கலையா?"

"பாக்கல சார்."

ஸ்ரீதர் நாற்காலியில் சாய்ந்தார். பேனாவை எடுத்துத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். அது கையெழுத்துப் போடுவதற்கா, குறுக்கே கோடு கிழிப்பதற்கா என்று இசக்கியப்பனுக்குத் தெரியவில்லை. ஆனாலும் அவர் கேட்காமலே கதையைத் தொடர்ந்தான்.

"கடைசியில பாவம் சார். வாட்ச்மேன் கேட்டப் பூட்டிட்டு, கம்பால அந்த ஆள அடிச்சே கொன்னுருதான்."

"எவன் சொன்னான்?" ஸ்ரீதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வாட்ச்மேன் எங்கய்யா அடிச்சான்? தன் சட்டையக் கழட்டி அந்தாளுக்குப் போத்தி வுட்டு, ரெண்டு பேருமா..."

அவர் வாய் அப்படியே நின்றுவிட்டது.

"ஆமா சார். ரெண்டு பேருமா கேட்டத் தெறந்து போயிருவாவ," என்றான் இசக்கியப்பன் மெதுவாக. "நாந்தான் வேணும்னு மாத்திச் சொன்னேன்."

ஸ்ரீதர் அவன் முகத்தைப் பார்க்காமல் தாளில் கையெழுத்தைப் போட்டு நகர்த்தினார். எழுந்து போய்க் கதவை உட்பக்கம் தாழிட்டார். திரும்பி வந்து, இசக்கியப்பனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்த ஆடு எதுக்குப்பா பின்னாலயே போச்சு? அன்னைலேர்ந்து யாரையும் கேக்க முடியாம எனக்குத் தூக்கமே வரல."