பாண் சுவக்கின்

"பிரான்சு வரைக்கும் போயி வெறும் பாண் தின்னுட்டு வந்த கூட்டம் கண்டியிலேயே நாங்க மூணு பேர்தான் தங்கச்சி!"

தனபாலன் கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னான். ஊர் திரும்பியதிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

சுவக்கினின் மனைவி பெற்றீசியா கோழிக் குழம்புச் சட்டியை மேசையில் கொஞ்சம் பலமாகவே வைத்தாள்.

சுவக்கின், தனபாலன், மஹ்மூத் மூவரும் பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதர்கள். சீட்டுக் கட்டிச் சேர்த்த காசில் அவிஞ்ஞோன் நகரத்துக்குப் போய் வந்தார்கள். பழைய மதில், பழைய பாப்பரசர் மாளிகை, ஆளுக்கு ஒரு முதுகுப்பை, எட்டுப் பேர் குறட்டை விடும் மலிவு விடுதி. பொதுக் காசு சுவக்கின் கையில். அங்கேதான் வினை.

"எந்தச் சாப்பாட்டுக் கடைக்குள்ள நுழைஞ்சாலும், 'இங்க வேணாம்'னு இழுத்துக்கிட்டு வந்துருவான். கடைசியில பேக்கரியில பாண். நம்ம பாணுக்கு அந்த ஊர்லயும் ஏறக்குறைய பாண்னுதான் பேரு. இவன் பிரெஞ்சுல படிச்சது அந்த ஒரு சொல்லுதான்!" என்றான் தனபாலன்.

சுவக்கின் வழக்கம்போல் சிரித்து வைத்தான். அவனுக்கு ரோஷம் என்பதே கிடையாது.

பெற்றீசியாவுக்கு இருந்தது. தனபாலனின் போன் கடையில் பிறந்த 'பாண் சுவக்கின்' என்ற பட்டம் மெதுவாக மலையேறி சுவக்கின் வீடிருக்கும் அம்பிட்டிய வரை வந்து, மாதா கோயில் வாசலையும் தொட்டுவிட்டது. போன ஞாயிறு பூசை முடிந்ததும் ஒருத்தி, "நீங்க பாண் சுவக்கினோட மிஸிஸ்தானே?" என்று சாதாரணமாகக் கேட்டாள். வீட்டுக்கு வந்து குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்படியில் நின்று அழுதாள் பெற்றீசியா. இன்றைய விருந்தே அதற்காகத்தான். இந்த இருவரும் வயிறு முட்டச் சாப்பிட்டுப் போய், ஊரில் கதையை மாற்றிச் சொல்ல வேண்டும்.

"மஹ்மூத் அண்ணே, கோழி ஹலால் கடையில வாங்கினது. யோசிக்காம போட்டுக்கங்க."

மஹ்மூத் கையைப் பிசைந்தான். "கோழிக்கு ஒண்டுமில்ல தங்கச்சி. சுவக்கின்ட நேர்த்தி முடிஞ்சிட்டா? அவர் முன்னுக்கு நான் எப்படி..."

"என்ன நேர்த்தி?"

"இறைச்சி தொட மாட்டேன்டு மாதாவுக்கு நேர்ந்தாரே. அங்க போன முதல் நாளே என்னட்ட மட்டும் சொன்னார்."

"இவரா? விமானத்தால இறங்கி வந்த அன்னைக்கே அரைக் கோழியை முடிச்சாரே!"

மூன்று பேரும் சுவக்கினைப் பார்த்தார்கள். அவன் தலையைச் சொறிந்தான்.

"மெனுவுல எழுதியிருக்கிறது பன்றியா மாடானு ஒரு எழுத்தும் புரியல மச்சான். நாங்க ரெண்டு பேரும் வளைச்சுக் கட்ட, மஹ்மூத் சும்மா உக்காந்து பார்க்கிறதா? 'உனக்காகத்தான்'னு சொன்னா, 'நீங்க சாப்பிடுங்க, எனக்குப் பசியில்ல'னு இவன் சமாளிப்பான். அதான் நேர்த்தினு ஒரு போடு போட்டேன்."

"அடப்பாவி!" மஹ்மூத் எழுந்தே விட்டான். "ரெண்டாம் நாளே நான் ஒரு ஹலால் கடை கண்டேன். மதிலுக்குப் பக்கத்துல, பச்சைக் கதவு. உள்ளுக்கு இறைச்சி மணக்க மணக்க சுத்துது. நேர்த்தி வெச்ச மனுசன அங்க கூட்டிப் போறதாண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தேன்!"

பெற்றீசியா புருஷனைப் பார்த்தாள். வீட்டில் சண்டை வந்தால் 'கஞ்சப் பிசினாரி' என்று அவளும் இரண்டு தடவை சொன்னவள்தான். இப்போது கண் கலங்கியது. பெரிய கால் துண்டாகப் பார்த்து ஒன்றை அவன் சோற்றுக் கோப்பையில் வைத்தாள், இன்னொன்றை மஹ்மூத்தின் கோப்பையில்.

தனபாலன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

"நல்லாயிருக்குடா உங்க நியாயம்! நீ அவனுக்காகப் பட்டினி, அவன் உனக்காகப் பட்டினி. நடுவுல நான் என்ன பாவம் பண்ணினேன்? ஒரு வாய் இறைச்சி இல்லாம காஞ்சு போய்க் கிடந்தேனே!"

"பாவம்தான் அண்ணே," என்றாள் பெற்றீசியா மனதார. அவனுக்கென்று மூன்று துண்டு வைத்தாள்.

"சரி சரி, அழுதது போதும். படம் பார்ப்போம்."

தனபாலன் தன் போனைத் தொலைக்காட்சியோடு இணைத்துவிட்டு, சோற்றைப் பிசைய உட்கார்ந்தான். படங்கள் தாமாக ஓடின. மாளிகை. உடைந்த பாலம். ஆறு.

"பின்னேரமானா படம் எடுக்கிறேன்னு போனைத் தூக்கிட்டுத் தனியாப் போயிருவான். கலைஞன்!" என்றான் சுவக்கின் பெருமையாக.

அடுத்த படம் வந்தது.

பச்சைக் கதவு. தாடிக்காரக் கடைக்காரர் ஒருவர் தனபாலனின் தோளில் கை போட்டுச் சிரிக்கிறார். தனபாலனால்தான் சிரிக்க முடியவில்லை. கையில் பெரிய ஷவர்மா, வாய் நிறைய இறைச்சி.

அடுத்த படம். அதே கதவு, வேறு சட்டை.

அதற்கடுத்ததும் அதே கதவுதான். இந்தத் தடவை இரண்டு கையிலும் இரண்டு.

தனபாலன் போனை எடுக்கப் பாய்ந்தான். கையெல்லாம் குழம்பு. வழுக்கிக்கொண்டு மேசைக்கடியில் போய் விழுந்தது போன். தொலைக்காட்சியில் நான்காவது சட்டை வந்தது.

"அதே கடைதான்," என்றான் மஹ்மூத் மெதுவாக. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மூணு பேரும் சாப்பிட்டிருப்போமே மச்சான்."

தனபாலன் தலை குனிந்து உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெற்றீசியா அவன் முன்னாலிருந்த கோப்பையை மூன்று துண்டோடும் எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். காலையில் மிஞ்சியதை வேறொரு தட்டில் வைத்துக் கொண்டுவந்து, மரியாதையாக அவன் முன்னால் நகர்த்தினாள்.

"அண்ணே, உங்களுக்குப் பாண்."